பதின்மூன்று வயதுக் கையெழுத்து

2019-இன் தொடக்கத்தில் ஒலிவியா மோல்ட்ரி என்ற அமெரிக்கப் பெண் நைக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அவருக்கு அப்போது வயது 13. மத்தியத் திடல் ஆட்டக்காரர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 11 வயதிலேயே, வட கரோலினா பல்கலைக்கழகம் கொடுக்க முன்வந்த உபகாரச் சம்பளத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். அமெரிக்கப் பெண்கள் காற்பந்தில் அந்தப் பல்கலைக்கழகம் சாதாரண இடமில்லை. மியா ஹேம் ஆடி வளர்ந்தது அங்கேதான். நைக்கியிடம் காசு வாங்கியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. கல்லூரி விளையாட்டு என்பது அன்றைக்கு ஊதியம் வாங்காதவர்களுக்கு மட்டுமே.

குடும்பம் கலிஃபோர்னியாவை விட்டு ஓரிகன் மாநிலத்துக்கு இடம் மாறியது. போர்ட்லண்ட் தோர்ன்ஸ் என்ற தொழில்முறை மகளிர் அணியோடு ஒலிவியா பயிற்சி செய்யத் தொடங்கினார். பள்ளிக்கூடம் வீட்டிலேயே. இப்படி ஒரு செய்தியைக் கேட்டால் நமக்குள் இரண்டு குரல் வரும். 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், எல்லாம் அப்பா அம்மா ஆசை' என்பது ஒன்று. 'ஆண் பிள்ளை செய்தால் மேதை, பெண் பிள்ளை செய்தால் மட்டும் கவலையா?' என்பது இன்னொன்று. இரண்டையும் சும்மா தள்ளிவிட முடியாது. 13 வயதுப் பிள்ளை ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்க முடியுமா, அதைத் தடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பது காற்பந்தைவிடப் பெரிய கேள்வி.

ஒலிவியாவைத் தடுத்தது லீக். தேசிய மகளிர் காற்பந்து லீக்கில் 18 வயது ஆகாதவர்கள் ஆடக் கூடாது என்று விதி இருந்தது. அதே அமெரிக்காவில் ஆண்களின் பெரிய லீக்கில் அப்படி ஒரு விதி இல்லை. ஃபிரெடி அடு 2004-இல் 14 வயதிலேயே அங்கே ஆடினார். 2021 மே மாதம் ஒலிவியா வழக்குப் போட்டார். நீதிபதி கேரின் இம்மர்கட் மே மாதம் தற்காலிகமாகவும், ஜூன் மாதம் வழக்கு முடியும்வரைக்கும் என்றும் அந்த விதியை அவர் விஷயத்தில் நிறுத்தி வைத்தார். ஜூன் 30-இல் தோர்ன்ஸ் அணியோடு ஒப்பந்தம். ஜூலை 3-இல் மாற்று ஆட்டக்காரராகத் திடலில் இறங்கினார். 15 வயது 9 மாதம். அன்றைய தேதியில் அந்த லீக்கில் ஆடியவர்களிலேயே ஆக இளையவர்.

இந்தத் தீர்ப்பை 'பிள்ளைகளின் உரிமைக்குக் கிடைத்த வெற்றி' என்று சிலர் எழுதினார்கள். சட்டப்படி பார்த்தால் அது சரியில்லை. வழக்கு போடப்பட்டது வணிகப் போட்டியைக் கட்டுப்படுத்துவதற்கு எதிரான சட்டத்தின் கீழ். அப்போது லீக்கில் 10 அணிகள். அந்தப் பத்து அணிகளும் சேர்ந்துகொண்டு 'இன்ன வயதுக்குக் கீழ் உள்ளவரை வேலைக்கு எடுக்க மாட்டோம்' என்று பேசி வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. நாட்டில் அந்தத் தரத்தில் பெண்களுக்கு அன்றைக்கு வேறு லீக் இருக்கவில்லை. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கதவடைத்தால் பதினோராவது கடை கிடையாது. அதனால் கூடாது என்றது நீதிமன்றம். 15 வயதுப் பிள்ளை பெரியவர்களோடு தொழில்முறையாக ஆடுவது நல்லதா கெட்டதா என்று அது சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது.

இதை எதிர்ப்பவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆக வலுவான வாதம் அமெரிக்கத் தத்துவவாதி ஜோயல் ஃபைன்பெர்க் 1980-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பிள்ளைக்குத் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை' உண்டு என்கிறார் அவர். சில உரிமைகளைப் பிள்ளையால் இப்போது பயன்படுத்த முடியாது. தொழில், மதம், துணை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த வகை. அவை பெரியவனாகப் போகும் அந்த மனிதனுக்குச் சேர வேண்டியவை. பிள்ளை வளரும்வரை மற்றவர்கள் அவற்றை அறங்காவலர் மாதிரிப் பாதுகாத்து வைக்க வேண்டும். அதற்குள் யாராவது கதவுகளை அடைத்துவிட்டால், வளர்ந்து வருகிறவனுக்கு உரிமை இருக்கும், தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

ஃபைன்பெர்க் எடுத்துப் பேசும் உதாரணங்களில் முக்கியமானது ஓர் உண்மை வழக்கு. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆமிஷ் சமூகப் பெற்றோர்கள் எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். எங்கள் வாழ்க்கைக்கு அதற்குமேல் படிப்பு வேண்டாம், வயல் வேலை போதும் என்றார்கள். 1972-இல் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார்: பிள்ளைகளை யாராவது கேட்டீர்களா?

இந்த வாதத்தை ஒலிவியா மேல் வைத்துப் பார்க்கலாம். 13 வயதில் கல்லூரிக் காற்பந்து போய்விட்டது. வழக்கமான இடைநிலைப்பள்ளி போய்விட்டது. 20 வயதில் 'எனக்கு மருத்துவம் படிக்க ஆசை' என்றால் ஒரு சாதாரண மாணவிக்கு இருக்கும் பாதை அவருக்கு அதே மாதிரி இருக்காது. ஆக, கதவுகள் அடைபட்டன என்பது உண்மை.

ஆனால் ஒரு சிக்கல். கதவு அடைவது தேர்ந்தெடுப்பதால் மட்டும் இல்லை, தேர்ந்தெடுக்காமல் இருப்பதாலும் அடையும். மத்தியத் திடல் ஆட்டக்காரரின் வேலை என்ன? பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, முதல் தொடுதலிலேயே பந்தைச் சரியான பக்கம் எடுத்துப் போவது. இது 18 வயதில் புத்தகம் படித்து வருகிற அறிவில்லை. தன்னைவிட வேகமானவர்கள், பலமானவர்கள் நடுவே ஆயிரக்கணக்கான முறை பந்தைப் பறிகொடுத்து வருவது. 18 வரைக்கும் காத்திரு என்று சொன்னால், 'இதுவரை ஆடாத ஒருவர்' என்ற நிலையில்தான் அந்தப் பெண் 18-ஐத் தொடுவார். அந்த நேரத்தில் மற்ற எல்லாக் கதவும் திறந்திருக்கும், அவர் ஆசைப்பட்ட கதவு மட்டும் பாதி மூடியிருக்கும். பிள்ளையின் எதிர்காலத்தை முழுசாகத் திறந்து வைப்பது என்று ஒன்று இல்லை. எந்தக் கதவை மூடலாம் என்பதில்தான் நமக்கெல்லாம் சண்டை.

சொல்லப்போனால் நம் ஊரிலும் இதைத்தான் செய்கிறோம், அதற்குப் பெயர் மட்டும் வேறு. நான் படித்த காலத்தில் படிவம் 3 தேர்வு முடிவை வைத்து அறிவியல் பிரிவா, கலைப்பிரிவா என்று பிரித்துவிடுவார்கள். அறிவியல் பிரிவுக்குப் போய், எஸ்பிஎம் எழுதி, பொறியியல் முடித்து வேலைக்கு வந்தவர்கள் என்னைப்போல் எத்தனையோ பேர். 15 வயதில் எடுத்த முடிவு எங்களை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. 'இந்தப் பிள்ளைக்கு முதிர்ச்சி இருக்கிறதா?' என்று யாரும் கேட்கவில்லை. நிக்கோல் டேவிட் 2000-ஆம் ஆண்டு தொழில்முறை ஸ்குவாஷுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 16. நாம் கொண்டாடினோம், கொண்டாடியது சரியும்கூட. பெரும்பாலானோர் போகிற பாதையில் ஒரு பிள்ளையைத் தள்ளினால் அது வளர்ப்பு, தனியான பாதையில் அனுமதித்தால் அது சூதாட்டம் என்று நாம் பழகி வைத்திருக்கிறோம். கதவு அடைவது இரண்டிலும் நடக்கிறது.

அதனால் 'பிள்ளை தேர்ந்தெடுத்தாளா, பெற்றோர் தேர்ந்தெடுத்தார்களா?' என்ற கேள்வியும் அவ்வளவு உதவாது. 13 வயதில் நம் ஆசை எது, வீட்டின் ஆசை எது என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? 30 வயதிலேயே பலருக்கு முடியாது. அப்பா வாங்கிக் கொடுத்த முதல் பந்திலிருந்துதான் ஆசையே தொடங்குகிறது. இதைவிடச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பிள்ளையால் வெளியே வர முடியுமா?

ஒரு பிள்ளையின் விளையாட்டுக்காகக் குடும்பம் மாநிலம் மாறுகிறது என்று வையுங்கள். அப்பா அல்லது அம்மா வேலையை மாற்றிக்கொள்கிறார். மற்றப் பிள்ளைகள் பள்ளி மாறுகிறார்கள். இவ்வளவும் அன்பினால்தான். ஆனால் ஒரு காலையில் அந்தப் பிள்ளைக்கு 'போதும், எனக்கு வேண்டாம்' என்று தோன்றினால் அந்த வாக்கியத்தின் விலை என்ன? நாலு பேருடைய வாழ்க்கை. யாரும் மிரட்ட வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்ட தாளைக் காட்ட வேண்டியதில்லை. பிள்ளை தானே கணக்குப் போட்டு, தானே வாயை மூடிக்கொள்ளும். ஒலிவியா வீட்டில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவர் தொடர்ந்து ஆடுகிறார், விரும்பி ஆடுவதாகத்தான் தெரிகிறது. நான் சொல்வது அமைப்பைப் பற்றி. இப்படி ஒரு ஏற்பாட்டில் உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினம். வயது வரம்பு விதி உள்ளே போகிற கதவை மட்டும் பார்க்கிறது.

இப்போது லீக்கின் பக்கத்தைப் பார்ப்போம். 18 வயது விதிக்கு இயல்பாகச் சொல்லக்கூடிய காரணம் பாதுகாப்பு. சிறுவர்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும், பெரியவர்களின் உடல் பலத்தோடு மோதக் கூடாது என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒலிவியா அதற்கு முன்பே தோர்ன்ஸின் பெரிய ஆட்டக்காரர்களோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார், பயிற்சி ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தார். உடை மாற்றும் அறை அதே, பயிற்றுநர்கள் அதே, காலில் விழும் உதை அதே. புள்ளி கணக்கெடுக்கும் லீக் ஆட்டத்தில் மட்டும் ஆடக் கூடாது. இது என்ன பாதுகாப்பு? ஆபத்து என்று சொல்லப்பட்ட அத்தனையும் அவருக்குக் கிடைத்தது. கிடைக்காதது ஆட்ட அனுபவமும் சம்பளமும்தான்.

இதைவிட மோசமானது அடுத்து வந்தது. ஒலிவியா வழக்கில் ஜெயித்த அதே 2021-இல், செப்டம்பர் 30-ஆம் தேதி, பயிற்றுநர் பால் ரைலி மேல் பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் பத்திரிகையில் வெளிவந்தன. மனா ஷிம், சினேட் ஃபேரலி என்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் பெயர் சொல்லிப் பேசினார்கள். ரைலி மறுத்தார், அவர் அப்போது பயிற்சி கொடுத்த வட கரோலினா அணி அன்றைக்கே அவரை நீக்கியது. அவர் 2014, 2015-இல் பயிற்றுநராக இருந்தது இதே போர்ட்லண்ட் தோர்ன்ஸில்தான். 2015-இல் ஷிம் புகார் கொடுத்தார், அணி ரைலியோடு ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. ஆனால் காரணம் வெளியே சொல்லப்படவில்லை, அவர் வேறு அணிகளுக்குப் போய்த் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார். 2022 அக்டோபரில் சாலி யேட்ஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை, இப்படிப்பட்ட அத்துமீறல் லீக் முழுக்க அமைப்பிலேயே ஊறியிருந்தது என்று சொன்னது. அதன் வேர் சிறுவர் காற்பந்திலேயே இருக்கிறது என்றும் சொன்னது.

இதை யோசித்துப் பாருங்கள். 15 வயதுப் பெண்ணைப் பாதுகாக்க வயது வரம்பு வைத்திருந்த லீக், 25 வயதுப் பெண்களைப் பாதுகாக்கவில்லை. 'நீ இன்னும் சின்னப் பிள்ளை, போய்ச் சிறுவர் கிளப்பில் ஆடு' என்று திருப்பி அனுப்பினால், அங்கேயும் அதே நோய். வீட்டுக்குள் ஓட்டை மின்கம்பி தொங்குகிறது. அதைச் சரி செய்யாமல் 'சிறுவர் நுழையக் கூடாது' என்று பலகை மாட்டினால் என்ன அர்த்தம்? பெரியவர்களுக்கு மின்சாரம் அடிக்காதா? வயது வரம்பில் ஒரு வசதி இருக்கிறது: பொறுப்பு முழுக்க உள்ளே வர நினைக்கிற பிள்ளை மேல் விழுகிறது. வீட்டுக்காரர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் விதியே வேண்டாமா? அதுவும் இல்லை. டென்னிஸில் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-இல் 13 வயதில் தொழில்முறைக்கு வந்தார். அதே வருடம் பிரெஞ்சுப் பொதுவிருதில் அரையிறுதி வரை போனார், 1992-இல் ஒலிம்பிக் தங்கம். அடுத்த வருடம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினார், போலீஸ் வழக்குகளில் சிக்கினார். அதற்குப் பிறகு மகளிர் டென்னிஸ் சங்கம் 1995-இலிருந்து ஒரு விதி கொண்டுவந்தது. 14 வயதில் கொஞ்சம் போட்டிகள், 15-இல் இன்னும் கொஞ்சம், 18-இல் கட்டுப்பாடு இல்லை. கதவை ஒரேயடியாக மூடவும் இல்லை, விரியத் திறந்து போடவும் இல்லை. படி வைத்தார்கள். பிள்ளைக்கு ஒவ்வொரு வருடமும் திரும்பிப் பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது. கேப்ரியாட்டியும் திரும்பி வந்து 2001-இல் ஆஸ்திரேலியப் பொதுவிருதை வென்றார், அது வேற கதை. பாதுகாப்பு என்றால் இந்த மாதிரி இருக்க வேண்டும்: ஆடுகிற அளவைக் கட்டுப்படுத்துவது, பணத்தைப் பிள்ளை பெயரில் பூட்டி வைப்பது, பெற்றோரும் அணியும் இல்லாத ஒரு மூன்றாவது ஆளிடம் பிள்ளை பேச வழி வைப்பது. இதற்கெல்லாம் செலவாகும். 18 என்று எழுதிவிட்டால் செலவே இல்லை.

பலர் கேட்கும் கடைசிக் கேள்வி: சரி, ஒலிவியா ஜெயித்தாரா இல்லையா? 2022 ஜூனில் முதல் கோல், 16 வயதில். அந்த வருடம் தோர்ன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றது. 2023 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய அணியில் முதல் ஆட்டம். 2024 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசுக்கு எதிராக இரண்டு கோல். அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வாங்கியபோது 18 பேர் கொண்ட குழுவில் அவர் இல்லை. நல்ல தொழில் வாழ்க்கை. உலகைப் புரட்டிப் போட்டது என்றும் சொல்ல முடியாது, வீணாய்ப் போனது என்றும் சொல்ல முடியாது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி ஓவியர் கோகனை வைத்து ஒரு சிக்கலைச் சொன்னார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியத்துக்காகக் கடல் தாண்டிப் போன ஒருவர் செய்தது நியாயமா என்பது அவர் ஜெயித்தாரா என்பதைப் பொறுத்தே தெரியவரும், முன்கூட்டித் தெரியாது என்றார். பெரியவர் ஒருவர் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்தால் அப்படிப் பேசலாம். பிள்ளை விஷயத்தில் இது எடுபடாது. ஃபிரெடி அடுவுக்கும் 13 வயதில் நைக்கி ஒப்பந்தம் கிடைத்தது. பல நாடுகளில் பத்துக்கும் மேற்பட்ட அணிகளுக்குப் போனார், எதிர்பார்த்த உயரத்துக்கு வரவில்லை. அதை வைத்து அவருடைய தாயார் எடுத்த முடிவு தப்பு, ஒலிவியாவின் பெற்றோர் எடுத்த முடிவு சரி என்று சொல்ல முடியுமா? இரண்டு வீட்டுக்கும் அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, ஆசை இருக்கிறது. ஒரு பிள்ளைக்காக எடுக்கும் முடிவு சரியாக இருக்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை தோற்றுப் போனாலும் சரியாக இருக்க வேண்டும். தோற்றால் விழுவதற்கு என்ன விரித்து வைத்தீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒலிவியா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள், 2021 ஜூலை 1-இல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் விதியைத் தளர்த்தியது. அன்றிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். இரண்டு வருடம் முன்பு அந்த விதி இருந்திருந்தால், விளம்பரப் பணமா கல்லூரியா என்று ஒரு 13 வயதுப் பிள்ளை இவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்காது. பிள்ளையின் எதிர்காலம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். பிறகு பிள்ளைக்கு முதிர்ச்சி போதுமா என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் வருவது ஒலிவியாவைப் பற்றி இல்லை, அவருக்குப் பின்னால் வருகிறவர்களைப் பற்றி. லீக் பிறகு 18 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்க முறையான வழி ஏற்படுத்தியது. 2023-இல் 15 வயதுப் பிள்ளைகள் இருவர் வெவ்வேறு அணிகளில் சேர்ந்தார்கள். 2024-இல் 13 வயதுப் பிள்ளை ஒருவரோடு கோதம் அணி ஒப்பந்தம் போட்டது. ஒருவருக்குக் கிடைத்த சுதந்திரம் அடுத்தவருக்கு அட்டவணை ஆகிவிடுகிறது. 13-இல் முடியும் என்று தெரிந்ததும் 11 வயதுப் பிள்ளையின் வீட்டில் 'நாம் தாமதமோ?' என்று பேச்சு வரும். அந்தப் பிள்ளைக்கு ஒலிவியாவின் திறமை இருக்காது, அந்த ஆசைகூட இருக்காது, ஆனால் அந்த அட்டவணை இருக்கும். டியூஷன் கலாசாரத்தில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்காக ஒலிவியாவை 18 வரை வெளியே நிறுத்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவர்களின் பேராசைக்கு ஒரு பிள்ளையைப் பிணையாக வைப்பது நியாயமில்லை. ஆனால் வாசலில் நின்று வயதை மட்டும் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பார்க்கலாம். 13 வயதுப் பிள்ளை ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறது என்றால், அந்த மேசையில் இருக்கும் முகவர், அணி, நிறுவனம், பெற்றோர் எல்லாரிடமும் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்: அடுத்த வருடம் இந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன ஆகும்? வீடு யார் பெயரில், பணம் யார் கையில், பள்ளிக்கூடம் எங்கே, கடன் யார் தலையில்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் 13 வயது என்பது அவ்வளவு பயமுறுத்தும் எண் இல்லை. பதில் இல்லை என்றால் 18 வயது ஆகியிருந்தாலும் அந்தக் கையெழுத்தை வாங்கக் கூடாது.